தீவுக்குப் போகும் பெட்டிகள்

அத்தியாயம் 11

முதல் பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாடை கிளம்பி மருந்தம்மாவின் முகத்தில் அடித்ததே, அந்த இடத்தில்தான் போன வாரம் நின்றிருந்தோம்.

அதில் பல வாடைகள் கலந்திருந்தன. ஈரத்தோடு மடித்து வைத்த துணி, பழைய செருப்பு, எல்லாவற்றுக்கும் மேலே திகட்டுகிற மாதிரி ஒரு தித்திப்பு. இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்கிறவள் அவள். ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் மருந்தம்மா. சீழும் வாந்தியும் பினாயிலும் அவளுக்குத் தினசரிப் பழக்கம். அப்படிப்பட்டவளுக்கே குமட்டியது.

கையுறையை மாட்டிக்கொண்டு மேலே இருந்ததை எடுத்தாள். தலையணை உறை. நடுவில் எச்சில் காய்ந்த மஞ்சள் வட்டம். அதன் கீழே கொக்கி போன உள்ளாடைகள் மூன்று. வலது காலுக்கு மட்டும் இரண்டு ஷூ. இழைகள் வளைந்த பல்துலக்கும் பிரஷ் ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு.

"யாருடி இதைக் கொடுத்தது?"

மகள் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினாள். வயது இருபத்துமூன்று, வேலைக்குப் போகிறாள், இன்னும் வீட்டில் பாப்பாதான். "மூணாவது மாடி ஆன்ட்டிம்மா. 'இதெல்லாம் தூக்கிப் போடத்தான் வெச்சிருந்தேன், நல்ல காரியத்துக்குப் போகட்டும்'னாங்க."

"தூக்கிப் போட வெச்சிருந்ததைத்தான் நம்ம வீட்டுல போட்டிருக்காங்க."

பெட்டிகள் ஆறு. கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பாப்பாவே வரைந்து ஒட்டிய படம்: நீலக் கடல், ஒரு தென்னை, ஒரு சிரிப்பு.

இதற்கெல்லாம் மூலகாரணம் கேப்டன். அவள் கணவர். கப்பலைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். காலையில் நடக்கப் போகிற நண்பர்கள் கொடுத்த பட்டம் அது. இருபத்தேழு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குத் தான் பிரேக் போட்டுக்கொண்டிருந்த மனிதர், இரண்டு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜை மேல் பசிபிக் கடலின் வரைபடத்தை விரித்தார். கடுகு சிதறின மாதிரி இருந்த புள்ளிகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். மூன்று விமானம் மாறி, பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி விமானத்தில் ஏறி, இறங்கியதும் இரண்டு நாள் காட்டுக்குள் நடந்து, புகை விடும் எரிமலையின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். மலைக்குச் சொந்தக்காரக் குடும்பத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குட்டி விமானத்தில் ஆளையும் பையையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவார்களாம். அதற்காக ஐந்து கிலோ இளைக்கவும் செய்தார்.

மருந்தம்மாவுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. அதை மறைப்பதற்கில்லை. லீவு சொன்னாள், ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்து பார்த்தாள். மலேரியா மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்குவது என்று காலண்டரில் வட்டம் போட்டாள். "அங்க சின்ன சுகாதார நிலையம்தானாம், கொஞ்சம் முதலுதவிப் பொருள் கொண்டு போனா நல்லதுதானே" என்று வாய் விட்டுச் சொன்னவளும் அவளேதான்.

அந்த ஒரு வார்த்தையைக் கொழுந்தன் பிடித்துக்கொண்டான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். கேமரா என்றால்தான் குடும்பத்தில் அவனைத் தெரியும். ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்காரரைப் பிடித்து, 'சேவைப் பயணம்' என்று பெயர் வைத்து, அண்ணன், அண்ணி, தான் என்று மூன்று பேர் டிக்கெட்டையும் அவர் தலையில் கட்டிவிட்டான். குடியிருப்பு முழுக்க நோட்டீஸ் போனது. பெட்டிகள் வந்தன.

நான்காவது பெட்டிதான் மருந்துப் பெட்டி. அந்தத் தித்திப்பு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பாதி குடித்த இருமல் சிரப் ஒன்று மூடி சரியாக மூடாமல் ஒழுகி, மொத்தப் பெட்டியும் பிசுபிசுத்தது. பாட்டில் கழுத்தைச் சுற்றி எறும்புகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன, கறுப்பு மாலை போட்ட மாதிரி. ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய இன்சுலின் ஒரு காகிதப் பையில் வெந்து கிடந்தது. தேதி இருந்த பக்கத்தைக் கத்தரித்த மாத்திரை அட்டைகள். யாருடைய கண்ணையோ தொட்டு, வாயில் மஞ்சள் பொருக்குக் கட்டிய கண் சொட்டு மருந்து. அதன் காலம் முடிந்து பதினாலு மாதம்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய செய்தித்தாள் மேல் வைத்தாள்.  இதைக் கொடுத்த வீடுகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த வீடுகள். படியில் பார்த்தால் சிரிக்கிறவர்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கேமரா வந்தான். பின்னாலேயே கேப்டன், நடந்த வியர்வையோடு.

"அண்ணி, அப்படியே இருங்க! சூப்பர். கையுறை எல்லாம் போட்டு, பார்க்கவே தொழில்முறையா இருக்கு. கொஞ்சம் சிரிங்க."

"தம்பி, இதுல ஒண்ணுகூட அனுப்ப முடியாது."

"ஏன் அண்ணி?"

"தேதி முடிஞ்சிருக்கு. திறந்தது, ஒழுகினது, பேரே தெரியாதது."

அவன் கேமராவை இறக்காமலே சிரித்தான். "அண்ணி, அவங்க ஒண்ணுமே இல்லாத ஜனங்க. நமக்குத்தான் தேதி, கம்பெனி எல்லாம். அங்க இருக்கறவங்களுக்கு இதுவே பெருசு."

மருந்தம்மா எழுந்தாள். ஒரு நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள்.

"இப்படி உட்காருங்க தம்பி."

"எதுக்கு?"

"உட்காருங்க. வீடியோவுக்குத்தான்."

அவன் உட்கார்ந்தான். அவள் அந்தக் கண் மருந்தை எடுத்தாள். "தலையைப் பின்னால சாய்ங்க. ரெண்டே சொட்டு. கண்ணை நல்லாத் திறந்து வைங்க."

"ஐயோ அண்ணி, விளையாடாதீங்க!" அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"ஏன், உங்களுக்கு ஆகாதா? அப்ப அவங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்? கண்ணு இருக்கற இடத்துல அவங்களுக்கு என்ன கோலிகுண்டா வெச்சிருக்கு?"

பாப்பா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?" என்றார் கேப்டன். "ஊரே பாராட்டுது. நீ ஒருத்திதான் மூக்கைப் பொத்தறே. நாளைக்குச் சரக்கு ஏஜெண்ட் வர்றான். பேப்பர் எல்லாம் ரெடி."

"மருந்து அனுப்பறதுக்குச் சான்றிதழ் வேணுமே. யார் கொடுத்தாங்க?"

"அதெல்லாம் ஏஜெண்ட் பார்த்துப்பான்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வரைபடத்தின் பக்கம் திரும்பினார். "என் வாழ்க்கையில முதல் தடவையா நானா ஒரு இடத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?"

"ஆசை தப்பில்லீங்க. நானும்தானே ஷூ வாங்கினேன். ஆனா நம்ம ஆசைக்கு வழிச்செலவா அடுத்தவங்க வாசல்ல குப்பையைக் கொட்டிட்டு வர முடியாது."

கேமரா "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று நழுவினான். போகிற போக்கில் கண்ணைத் தேய்த்துக்கொண்டே போனான், மருந்து விட்டது போலவே.

பதினொரு மணிக்கு மருந்தம்மாவின் போன் அடித்தது. நீளமான, தெரியாத எண்.

அந்தத் தீவின் நர்ஸ்! தங்கப் போகும் விடுதிக்காரியிடம் போன வாரம் எண் வாங்கி, 'உங்களுக்கு உண்மையில் என்ன தேவை?' என்று மருந்தம்மா ஒரு வரி அனுப்பியிருந்தாள். பதில் வராததால் மறந்தும் போயிருந்தாள். தீவில் சிக்னல் கிடைக்க மலைச்சரிவில் ஏற வேண்டுமாம். மூச்சு வாங்க, காற்று இரைச்சலுக்கு நடுவே, இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் பேச்சு தொடங்கியது. பெட்டிக்குள் விட்டிருந்த கையை உருவி, கையுறையைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள் நர்ஸ். "யாரும் கேக்கறதில்லை, நேரா கொண்டாந்து இறக்கிடுவாங்க. போன வருஷம் ஒரு படகுல வந்தவங்க ஒன்பது பெட்டி இறக்கினாங்க. பாதி, எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. எரிக்கறதுக்கு இங்க வசதி கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் குழி வெட்டிப் புதைச்சோம். மழை வந்து திறந்து விட்டுடுச்சு. பன்றி கிளறினதை மறுபடி பொறுக்கினோம். அதுல ஒரு பல்செட்டுகூட இருந்தது தெரியுமா? எங்க மாமியார் போட்டுப் பார்த்தாங்க. பொருந்தல. இன்னும் அந்தக் கோபம் அவங்களுக்கு."

நர்ஸ் சிரித்தாள். மருந்தம்மாவால் சிரிக்க முடியவில்லை. காலடியில் எறும்பு மாலை போட்ட பாட்டில் கிடந்தது.

"இந்தத் தடவை எனக்குக் கவலை இல்லை" என்று தொடர்ந்தாள் நர்ஸ். "ஒரு மருந்தாளரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. உங்க சான்றிதழ் போன வாரமே எங்க சுகாதாரத் துறைக்கு வந்துடுச்சு. பேர், பதிவு எண், எல்லாம் சரியா இருந்தது. அதான் உங்க செய்தி வந்ததும் அவசரமா பதில் சொல்லல."

மருந்தம்மாவின் பார்வை சுவரில் தொங்கிய பதிவுச் சான்றிதழுக்குப் போனது. கண்ணாடிச் சட்டத்துக்குள் எண் தெளிவாக இருந்தது. தூசி துடைக்கும்போது வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

"என்ன மருந்துன்னு போட்டிருந்தது?"

"பெரிய பட்டியல். முக்கியமா, வலிப்பு சிரப் இருபது பாட்டில். நல்ல நேரத்துல வருது. இங்க ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு. தலைநகர்ல அந்த மருந்து ரெண்டு மாசமா இல்லை. அடுத்த தீவு பெரிய ஆஸ்பத்திரியில கிடைக்கும். இன்னிக்குக் காலையில கிளம்பின கப்பல்ல அம்மாவும் பொண்ணும் போறதா இருந்தாங்க. நான்தான் நிறுத்திட்டேன். 'எதுக்கு அந்தக் கடல்ல குழந்தையைத் தூக்கிட்டு அலையறே, மருந்தே வந்துட்டு இருக்கு'ன்னு."

பெட்டியில் இருந்த வலிப்பு சிரப் மொத்தம் மூன்று. அதில் ஒன்று பாதி. மூன்றுமே காலாவதி.

மருந்தம்மா நிமிர்ந்தாள். பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா நோட்டுப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கேட்கவே தேவையில்லாமல் மருந்தம்மாவுக்குப் புரிந்தது.

"சகோதரி" என்றாள் போனில். "அந்தக் கையெழுத்து என்னோடது இல்லை. அந்தப் பட்டியலும் பொய். நீங்க நம்பற மாதிரி இங்க ஒரு பாட்டில்கூட இல்லை."

 நர்ஸ் திட்டியிருந்தால் தேவலை.

"அடுத்த கப்பல் மூணு வாரம் கழிச்சுத்தான்" என்றாள், சின்னக் குரலில்.

"குழந்தைகிட்ட மருந்து எத்தனை நாளைக்கு இருக்கு?"

"பத்து நாள். கொடுக்கறதைக் குறைச்சா..."

"குறைக்காதீங்க! ஒரு வேளைகூட. எடை எவ்வளவு? எந்த மருந்து, எத்தனை மில்லி?"

நர்ஸ் சொல்லச் சொல்ல, மருந்தம்மா வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டாள். குட்டி விமானம் வியாழக்கிழமை வரும். அதை விட்டால் இரண்டு வாரம். அதில் சரக்கு ஏற்ற மாட்டார்கள். ஆளும் ஆளோடு பத்து கிலோ பையும் மட்டும்தான்.

"வியாழக்கிழமை மருந்து வரும்" என்றாள் மருந்தம்மா. "இது நான் சொல்றது. நம்பறது கஷ்டம்தான்."

"நம்பாம என்ன செய்யறது?" என்றாள் நர்ஸ். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. இணைப்பு போய்விட்டது.



"நீயா போட்டே?"

"அம்மா... ஏஜெண்ட் அவசரப்படுத்தினான். கடைக்காரர் சான்றிதழ் வராம டிக்கெட் போட மாட்டேன்னார். நீ எப்படியும் போட்டுத் தருவேன்னு..."

"எங்க கத்துக்கிட்டே?"

பாப்பா தலையைக் குனிந்தாள். "ஸ்கூல்ல. ராங்க் கார்டுல போடுவேன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"இருபது பாட்டில்னு எதை வெச்சு எழுதினே?"

"நெட்ல ஒரு பட்டியல் இருந்தது. பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு காப்பி பண்ணினேன்."

பார்க்க நல்லா இருக்கட்டுமே! மருந்தம்மாவுக்கு அந்த வார்த்தை பெட்டி வாடையைவிட மோசமாக அடித்தது. பெற்று வளர்த்த கை அது. எழுத்துப் பழக்கியதும் அவளேதான். பாப்பா அழுதுகொண்டே வந்து தோளில் கை வைத்தாள். அந்தக் கை படவும் உடம்பு தன்னால் சுருங்கியது. சுருங்கியதைப் பாப்பாவும் உணர்ந்தாள், கையை எடுத்துக்கொண்டாள். அப்படிச் சுருங்கியதற்காகத் தன் மீதே மருந்தம்மாவுக்கு ஒரு அருவருப்பு வந்தது.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார் கேப்டன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மருந்தம்மா குளியலறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வேலையை ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டருக்குப் போன்; நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முழுதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மருந்துச் சீட்டு எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். அந்த 'மத்தது' அவளுடைய பதிவு எண்ணைப் பற்றியது என்று இருவருக்கும் தெரியும். மொத்த விற்பனைக் கடைக்குப் போன். சிரப் இருக்கிறது, புதுசு, இரண்டு வருஷத் தேதி.

"என்னங்க, மூணு டிக்கெட்டையும் ரத்து பண்ணச் சொல்லிடுங்க. அந்தக் கடைக்காரர் காசுல நான் ஏற மாட்டேன். நாளைக்குக் கிளம்பற மாதிரி ஒரே ஒரு டிக்கெட். நம்ம காசுல. என் பேருக்கு."

கேப்டன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அந்த அம்மா என்ன செய்வாள் என்று கேட்பார். போகட்டும், மகள் மேல் கேஸ் வருமா என்றாவது கேட்பார்.

"அப்ப நான்?" என்றார் கேப்டன்.

முப்பது வருஷத்துக் கணவரை மருந்தம்மா ஒரு கணம், புதுசாகப் பார்க்கிற ஆளைப் போலப் பார்த்தாள். ஐந்து கிலோ இளைத்த முகம், புது மலையேற்றத் தொப்பியின் தடம் நெற்றியில். 

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் தாளை எடுத்தாள். விமான நிலையத்தில் மருந்தை உள்ளே விட வேண்டுமென்றால் அவள் கையெழுத்துப் போட்ட உண்மையான கடிதம் வேண்டும். அது போய்ச் சேரும் அதே சுகாதாரத் துறை அலுவலகத்தில், பொய்க் கையெழுத்தும் இருக்கிறது.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிடும்மா" என்றாள் பாப்பா.

"தெரியட்டும்."

எழுதினாள். குழந்தையின் வயது, எடை, மருந்து, அளவு. பிறகு ஒரு பத்தி விட்டு: முன்பு வந்த சான்றிதழில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல.

பாப்பா எட்டிப் படித்தாள். "யாரோடதுன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"என்ன சொல்லுவே?"

மருந்தம்மா பேனாவை மேஜையில் வைத்தாள். தாளை மகள் பக்கம் தள்ளினாள்.

"அந்த வரியை நீ எழுது. உன் கையெழுத்துல."

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். 'அதைப் போட்டது நான்' என்று எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள். முடித்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. ஆனால் பேனா தாளை விட்டு எழவில்லை.

அவள் நிமிர்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்த கேப்டனின் முதுகைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொல்லித்தான் போட்டேன்னும் எழுதலாமா?"